தசைக்குள் கால்சியம் தேடப் போகும் மகள்: அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, வணக்கம்.

நீங்களும் மகளும் வந்துபோன மறுநாள் போனில் கேட்டீர்கள்: "உயிரியல் படிச்ச பிள்ளை டாக்டராகணும்னுதானே நினைப்போம்? இவ என்னடான்னா தசைக்குள்ள கால்சியம் எப்படி ஓடுதுன்னு பாக்கணும்ங்கா. இதெல்லாம் ஒரு வேலையா சார்? நீட்டை இன்னொரு தடவை எழுதச் சொல்லவா?" திருநெல்வேலிப் பக்கம் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருப்பதால், உங்கள் பெயரை விட்டுவிட்டுப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீட் வேண்டாம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டை விருப்பத்தோடு படிக்கிற பிள்ளையைப் பாதியில் இழுத்துக் கோச்சிங்கில் உட்கார வைப்பதால், கோச்சிங் நடத்துகிறவரைத் தவிர யாருக்கும் லாபமில்லை.

இது ஒரு வேலையா என்பதற்கு வருகிறேன். கடையில் அரிசி மூட்டையைத் தூக்கக் கையை மடக்குகிறீர்கள். நரம்பிலிருந்து வந்த மின் சைகை தசை நாரின் மேல்தோலில் ஓடி, அங்கங்கே உள்ளே இறங்கும் மெல்லிய குழாய்களின் வழியே நாரின் நடுப்பகுதி வரை போகிறது. குழாய்க்குப் பக்கத்திலேயே கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பைகள் இருக்கின்றன. சைகை வந்ததும் பையின் கதவு திறந்து கால்சியம் கொட்டுகிறது, புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் கால்சியத்தை மறுபடி பைக்குள் இறைத்துவிட வேண்டும். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் திரிகிற கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். உங்கள் மகள் என் மேசையில் கிடந்த பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் வரைந்தது இந்தப் படத்தைத்தான். குழாயின் இருபுறமும் பையை வரைந்தவள், இடையில் சின்னச் சின்னதாகக் கட்டைகளும் போட்டாள். நீங்கள் அப்போது கடைக்கு வந்த லோடு பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் கட்டைகளுக்கு ஒரு கதை உண்டு. கிளாரா ஃபிரான்சினி-ஆம்ஸ்ட்ராங் என்பவர் இத்தாலியில் பிறந்து பீசா நகரில் படித்தவர். அமெரிக்கா போய் கீத் போர்ட்டர் என்ற அறிஞரோடு வேலை பார்த்தார். நான் சொன்ன குழாய்கள் செல்லின் மேல்தோலிலிருந்தே உள்ளே இறங்குகின்றன என்பதை 1964இல் இருவரும் மீன் தசையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்துக் காட்டினார்கள். 1970இல் தவளைத் தசையைப் பார்த்து, குழாய்க்கும் பைக்கும் நடுவே வரிசையாகப் பாதங்கள் போல ஏதோ நிற்கிறது என்று அவர் எழுதினார். அந்தப் பாதம்தான் கால்சியம் வெளியேறும் கதவு, ரயனோடின் ஏற்பி என்ற புரதம் என்று உறுதியானது 1980களின் பிற்பகுதியில். அதன் வடிவம் கிட்டத்தட்ட அணு அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது 2015இல். ஒரு பொருளைப் பார்த்ததற்கும் அதை முழுதாகப் புரிந்துகொண்டதற்கும் இடையே 45 ஆண்டுகள் அண்ணாச்சி. இந்த வேலையின் வேகம் அதுதான். மாதாமாதம் பலனை எதிர்பார்க்கிற மனசுக்கு இது ஒத்துவராது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்றும் கேட்டீர்கள். அந்தக் கதவில் பிறவியிலேயே கோளாறு உள்ள சிலருக்கு அறுவை சிகிச்சையில் சில வகை மயக்க வாயுக்களைக் கொடுத்தால், கால்சியம் நிற்காமல் கொட்டித் தசைகள் இறுகி உடம்புச் சூடு தறிகெட்டு ஏறும். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும். டான்ட்ரோலீன் என்ற மருந்து அந்தக் கொட்டலை அடக்குகிறது. இதயத் தசையில் இதே குடும்பத்துக் கதவு கோளாறானால், ஓடியாடும் பிள்ளைகள் திடீரென மயங்கி விழுகிற நோய் ஒன்றும் உண்டு. மருத்துவர் கையில் இருக்கும் மருந்துக்குப் பின்னால் இப்படி யாரோ பல வருஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இனி காசு, வயசு. நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது இதைத்தான்.

பி.எஸ்சி. முடிந்து எம்.எஸ்சி. இரண்டு வருஷம். அதுவரை உங்கள் செலவு. அதன்பின் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், பிஎச்.டி.யில் சேர்ந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தக் கணக்கு. தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், அதனால் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். பிஎச்.டி.க்கு ஐந்து ஆறு வருஷம் என்று வையுங்கள். கஷ்டகாலம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. மூன்று நான்கு வருஷம், பெரும்பாலும் வெளிநாட்டில், ஒப்பந்த அடிப்படையில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை. நிரந்தர விஞ்ஞானி வேலை கிடைக்கும்போது முப்பதைத் தாண்டி நாலைந்து வயசு ஆகியிருக்கும். எல்லோருக்கும் கிடைக்கவும் செய்யாது. இதை மறைத்துப் பேசுகிற ஆலோசகரிடம் போகாதீர்கள்.

ஆனால் பதினைந்து வருஷத்துக்கும் இன்றைக்கே சம்மதம் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எம்.எஸ்சி.யோடு நின்றால் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளர் வேலை, பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை, பெங்களூரு, ஹைதராபாத் மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்கள் என்று வழியிருக்கிறது. செல் வளர்ப்பதும் நுண்ணோக்கியில் படம் எடுப்பதும் கையில் படிந்த பிள்ளைக்கு அங்கே மதிப்பு உண்டு. பிஎச்.டி.யோடு நின்றால் கல்லூரிப் பேராசிரியர் வேலைக்குப் போட்டியிடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கல்யாணப் பேச்சையும் எடுத்தீர்கள். "இருபத்தெட்டு வயசு வரை படிச்சா யாரு கட்டுவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பது எனக்கும் தெரியும். ஆய்வாளர்கள் கல்யாணம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மேலே சொன்ன கிளாராவின் கணவர் கிளே ஆம்ஸ்ட்ராங்கும் இதே துறைக்குப் பக்கத்தில் பெயர் பெற்ற ஆய்வாளர். மாப்பிள்ளை பார்க்கும்போது படிப்பு தொடரும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வந்த இடம் தட்டிப்போனாலும் பரவாயில்லை.

மகளுக்குச் சில வார்த்தை. தாயி, உனக்கு விலங்கியல் நன்றாக வருகிறது, கணக்கு வரவில்லை என்று நீயே சொன்னாய். இந்தத் துறையில் பாதி இயற்பியல். எம்.எஸ்சி. சேர்க்கைக்காக ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வின் உயிர்த்தொழில்நுட்பத் தாளிலேயே பிளஸ் டூ கணிதமும் இயற்பியலும் வேதியியலும் கேட்பார்கள். பழைய புத்தகங்களைத் தூசி தட்டு. பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகு, ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

அதற்கு முன், கறிக்கடையில் நகக்கண் அளவு ஆட்டுக்கறி வாங்கு. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு, இரண்டு ஊசியால் நார் நாராகப் பிரி. மெத்திலின் நீலம் ஒரு துளி விட்டு, உன் கல்லூரி நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார். நன்றாகப் பிரித்திருந்தால் நாரின் குறுக்கே ஒரே சீராகக் கோடுகள் தெரியும். முதல் தடவை தெரியாது, தடிமனாகப் பிரித்திருப்பாய். ஒரு மதியம் முழுக்க அதிலேயே போய், அடுத்த நாளும் உட்காரத் தோன்றினால் இந்த வழி உனக்கானது. இரண்டாவது தடவையே சலித்துப்போனால் அதுவும் நல்ல செய்திதான், உயிரியலில் வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன.

அடுத்தது கோடை விடுமுறை. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். விண்ணப்பம் வருஷக் கடைசியை ஒட்டி வரும், இப்போதிருந்தே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிரு. பெங்களூருவில் என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் கைத்தி ஹசன் போன்றவர்கள் பழ ஈயின் நரம்பு செல்களில் கால்சியத்தைப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஈயா என்று முகம் சுளிக்காதே, செல்லுக்குள் கால்சியக் கதவுகள் அதற்கும் உண்டு. பக்கத்தில் வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது.

பின்னாளில் வழிகாட்டியைத் தேடும்போது அவர் பெயரைப் பார்த்து மயங்காதே. அவரிடம் படித்தவர்களுக்குப் போன் போடு. எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், லீவு கேட்டால் என்ன சொல்வார் என்று கேள். ஊரில் போர்டு மாட்டிய புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்துப் புராஜெக்ட் வாங்கிவிடாதே. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அண்ணாச்சி, உங்களுக்கு இந்த வாரம் ஒரே ஒரு வேலை. நீங்கள் காட்டியது மாநில அரசின் பிசி சான்றிதழ். ஜேஆர்எஃப் வயது வரம்பு போன்ற மத்திய அரசுச் சலுகைகளுக்கு அது போதாது. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். வருமான விவரம் கேட்பார்கள், கடைக் கணக்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.