110 டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார், எடுக்கட்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ரிப்போர்ட் நார்மல் என்கிறார் டாக்டர், ஆனால் சோர்வும் முடி கொட்டுவதும் நிற்கவில்லை. தோழி சொன்னதால் ஃபங்ஷனல் மெடிசின், அதாவது நோயின் வேரைத் தேடிச் சரிசெய்வதாகச் சொல்லும் முறை, பார்க்கும் ஒருவரிடம் போனேன். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். 110 டெஸ்ட், உணவு ஒவ்வாமைக்கு ஐஜிஜி டெஸ்ட், ஒன்பது சப்ளிமென்ட் எழுதியிருக்கிறார். சப்ளிமென்டை அவரிடமே வாங்க வேண்டும். வேரைச் சரிசெய்தால் மாத்திரையே தேவைப்படாதாம். நம்பலாமா?

பதில்: தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

ஒரு மணி நேரம் கேட்டார் என்கிறீர்களே, உங்களை அங்கே இழுத்ததே அதுதான் என்று நினைக்கிறேன். ஆறு வருடம் ‘எல்லாம் நார்மல்’ என்று ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று புரிகிறது. தூக்கம், சாப்பாடு, மன உளைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதும் நல்லதுதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் நன்றாகக் கேட்கிறவர் சொல்லும் மருந்தும் சரியாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியலாளர் 1991-இல் அமெரிக்காவில் நிறுவனம் அமைத்துப் பரப்பிய முறைதான் இந்த ஃபங்ஷனல் மெடிசின். அங்கேயே மருத்துவச் சிறப்புப் பிரிவுகளை அங்கீகரிக்கும் வாரியத்தின் பட்டியலில் இது கிடையாது. அதனால் இந்தப் பலகையை மாட்டியிருப்பவர் முழுப் பயிற்சி பெற்ற டாக்டராகவும் இருக்கலாம், ஏதோ ஒரு கோர்ஸ் முடித்தவராகவும் இருக்கலாம். என்ன படித்தார் என்று நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து அந்த 110 டெஸ்ட். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போடும் எல்லையைப் பெரும்பாலும் எப்படி வைக்கிறார்கள் தெரியுமா? ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவு அதற்குள் வருகிற மாதிரி. அப்படியானால் ஒரு நோயும் இல்லாதவருக்கே 110 டெஸ்ட் எடுத்தால் ஐந்தாறு இடத்தில் சிவப்பு எழுத்து வரும். அந்த ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு டப்பா தயாராக இருக்கும், விற்கப்போகிறவரும் அவரேதான். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ‘இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சையில் எது மாறும்?’ என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் அந்த டெஸ்டை எடுக்கவே வேண்டாம். ஒரு உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும், ஒவ்வாமையை அல்ல. அதை நம்பிப் பாலையும் கோதுமையையும் முட்டையையும் ஒரே நாளில் நிறுத்தியவர்கள் உண்டு. ஏற்கனவே சோர்ந்திருக்கும் உடம்புக்கு அது எதற்கு?

சப்ளிமென்ட் விஷயம்தான் எனக்குக் கவலை. என் அக்கா ஒருமுறை இப்படி ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிள்களைப் படித்தோம். எலும்புக்கு ஒன்று, எதிர்ப்புச் சக்திக்கு ஒன்று, பொதுவாக ஒன்று, மூன்றிலும் வைட்டமின் டி, ஒவ்வொன்றிலும் 2000 யூனிட். கூட்டினால் 6000. மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் தினமும் தாண்டக்கூடாத எல்லை 4000.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முடி கொட்டுகிறது என்று சொல்லியிருப்பதால் அந்த ஒன்பதில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம், முடிக்கென்று விற்பதில் 10 மில்லிகிராம் வரைகூட இருக்கும், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். அது தைராய்டு டெஸ்டையே குழப்பிவிடும். பல லேப்களின் முறையில் டிஎஸ்ஹெச்சை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைத்தும் டி4-ஐ (தைராய்டு ஹார்மோன்) கூட்டியும் காட்டும், மாத்திரை அதிகமாகிவிட்டது போலத் தெரியும். அதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் குறைப்பார், உங்கள் சோர்வு இன்னும் கூடும், ‘பார்த்தீர்களா, மாத்திரை தேவைப்படவில்லை’ என்று சப்ளிமென்ட் கொடுத்தவர் சொல்வார்! மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் டெஸ்டையும் இது ஏமாற்றும் என்று 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது பயோட்டினை நிறுத்துங்கள், சாப்பிட்டதை லேபிலும் சொல்லுங்கள்.

சரி, சோர்வுக்கு என்ன செய்வது? உங்கள் பழைய டாக்டரிடமே ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சத்தின் இருப்பு), வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை உண்டா, மாதவிடாய் மாறியிருக்கிறதா, மனசு எப்படி இருக்கிறது என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலரும் கோட்டைவிடுவது: தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடுகிறீர்களா? அப்படிப் போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இதற்குப் பிறகும் அவரிடம் போக விருப்பமிருந்தால் போங்கள், தப்பில்லை. அந்த ஒன்பது பெயரையும் அளவோடு ஒரு தாளில் எழுதி, ஒன்றைக்கூட வாங்குவதற்கு முன்னால், உங்கள் பழைய டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.