கல்லூரி அணியில் வாலிபால் ஆடுகிறேன். உடற்கல்வி ஆசிரியர் ஆவதா, பயிற்சியாளர் ஆவதா? இப்போதிருந்தே எப்படித் தயாராவது?

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளி மைதானத்தில் நிற்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் நீங்கள் இரண்டையும் ஒரே தொழிலின் இரு பெயர்களாக எண்ணுவது போலத் தெரிகிறது. பயிற்சியாளரிடம் வருகிறவர்கள் ஆட விரும்பித் தாமாக வருகிறவர்கள். உடற்கல்வி ஆசிரியர் முன் வந்து நிற்பதோ ஒரு முழு வகுப்பு. அதில் அணிக்குத் தேறுகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தாலே அதிகம். வேப்பமரத்தடியில் ஒதுங்கி உட்காரும் மற்ற நாற்பது பேரையும் எழுப்பி ஓடியாட வைக்க உங்களுக்கு மனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆசிரியப் பணிக்கு வாருங்கள்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பட்டம் முடித்தபின் பி.பி.எட். (உடற்கல்வியியல் இளநிலைப் பட்டம்) இரண்டு ஆண்டு, நான்கு பருவங்கள். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, காரைக்குடி அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி போன்றவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சேர்க்கையின்போது விளையாட்டுச் சான்றிதழ்களையும் உடற்தகுதியையும் பார்ப்பார்கள் என்பதால், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் நீங்கள் பெற்ற சான்றிதழ்களை இப்போதே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். கல்லூரிப் பணி வரை போக விரும்பினால் எம்.பி.எட்.டும் (முதுநிலைப் பட்டம்), அதற்குமேல் கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதியும் வேண்டும். வாலிபால் ஒன்றிலேயே ஆழமாக இறங்க விரும்பினால், 1961இல் பட்டியாலாவின் மோதி பாக் அரண்மனையில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) ஓராண்டு பயிற்சியாளர் பட்டயப் படிப்புதான் நேரான வழி. எங்கள் வட்டாரத்தில் 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்று சொன்னாலே போதும்.

சான்றிதழை விடவும் நான் வற்புறுத்த விரும்புவது மைதானக் கணக்கை. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், வட்டார அளவிலான போட்டி ஒன்றுக்கு 200 மீட்டர் ஓடுதளம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. வெளிவட்டத்தில் ஓடுகிறவர் அதிக தூரம் ஓட நேராமலிருக்க, அவரவர் தொடக்கக் கோட்டை முன்தள்ளிப் போடுவதை 'ஸ்டாகர்' என்போம். உட்புற விளிம்பு கட்டிய ஓடுதளத்தில் முதல் லேனை (ஓடுபாதையை) விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், மற்ற லேன்களை உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் அளக்கிறோம், லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாவது லேனுக்கு 7.04 மீட்டரும், அதற்கடுத்த ஒவ்வொரு லேனுக்கும் ஏறத்தாழ 7.67 மீட்டரும் கூடும். வளைவின் ஆரம் எதுவானாலும் இந்த அளவு மாறாது. நான் 400 மீட்டர் ஓட்டத்துக்கும் அதே அளவைப் போட்டுவிட்டேன். அந்தத் தளத்தில் 400 மீட்டர் என்பது இரண்டு சுற்று. கடைசி வரை அவரவர் லேனிலேயே ஓடினால் அளவு இரட்டிப்பாக வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான்காவது லேனில் ஓடிய ஒன்பதாம் வகுப்புப் பெண் மூன்றாவதாக வந்தாள். ஓட்டம் முடிந்ததும் மூத்த ஆசிரியர் ஒருவர் டேப்பை எடுத்து என்னுடன் நடந்து வந்து, கோட்டைக் காட்டி, "தம்பி, இந்தப் பிள்ளை 22 மீட்டருக்கு மேல கூடுதலா ஓடியிருக்கு" என்றார். மறு ஓட்டம் வைத்தோம். ஆனால் களைத்துப்போன கால்களோடு அவளால் முன்னைப்போல ஓட முடியவில்லை. அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே, படிப்பில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இருவர், ஒரு டேப், ஒரு கயிறு, கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் இருந்தால் வாலிபால் ஆடுகளத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். 18க்கு 9 மீட்டர் போட்டபின் மூலைவிட்டங்கள் இரண்டும் 20.12 மீட்டர் வந்தால்தான் மூலைகள் சரி. குண்டு எறிதலில் குண்டு விழ வேண்டிய 34.92 பாகைப் பிரிவுக்குப் பாகைமானி வேண்டியதில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரு கோடுகளின் இடைவெளி 12 மீட்டராக இருந்தால் போதும். முதலுதவியை முறையாகப் பயின்றுகொள்ளுங்கள். வெயிலில் மயங்கும் பிள்ளையின் அருகில் முதலில் நிற்கப்போவது நீங்கள்தான். உங்களுக்குப் பழக்கமில்லாத ஆட்டம் ஒன்றையாவது, முடிந்தால் கோ-கோவை, விதிகளோடு ஆடிக் கற்றுக்கொள்ளுங்கள். பந்து வாங்கப் பணமில்லாத பள்ளியில் ஒரு வகுப்பின் பெரும்பகுதியை ஓட வைப்பது அதுவே.

இந்த வாரமே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 11 அணிகள் பங்கேற்கும், தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் போட்டிக்கு அட்டவணை வரையுங்கள். எத்தனை அணிகளுக்கு 'பை' (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கொடுப்பீர்கள், மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும் என்று கீழே எழுதுங்கள். சரிபார்த்துச் சொல்கிறேன்.