அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எதிரணிகளை அதிகம் ஆட்டிப்படைத்த ரன்னிங் பேக் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டக்காரர்) யார்?

ஒரே சீசனை வைத்துச் சொல்வதென்றால் பாரி சாண்டர்ஸ்தான். 1988-ல் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்காகப் பந்தை ஏந்தி ஓடியே 2,628 கெஜம் எடுத்தார், அதுவும் 11 ஆட்டங்களில். சராசரியாக ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 239 கெஜம்! ஒரு ஆட்டத்தில் 100 கெஜம் ஓடினாலே நல்ல நாள் என்பார்கள்.

இன்னொரு சங்கதி. சீசன் முடிந்து நடக்கும் பௌல் ஆட்டக் கணக்கு அப்போது சாதனைப் பட்டியலில் சேராது; 2002-லிருந்துதான் சேர்க்கிறார்கள். ஹாலிடே பௌலில் வயோமிங் அணிக்கு எதிராக அவர் ஓடிய 222 கெஜம் அதனால் விட்டுப்போயிற்று. 2024-ல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 வரை வந்தார், ஆனால் 14 ஆட்டங்களில். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

சரி, மொத்தக் கல்லூரிக் காலத்தையும் பார்த்தால்? என் ஓட்டு ஹெர்ஷல் வாக்கருக்கு. ஜார்ஜியா அணிக்கு 1980-ல் முதலாண்டு மாணவராக வந்தார். அந்த ஆண்டே அணி தேசிய சாம்பியன். மூன்றே சீசன்களில் 5,259 கெஜம், 1982-ல் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. அந்த விருதை இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள் ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் (1974, 1975). அவர் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.