250 மி.லி. தேனும் 250 கிராம் தேனும் ஒன்றா?

செய்முறையில் 250 மி.லி. தேன் என்றிருக்க, கையில் கிராம் காட்டும் தராசு மட்டுமே இருப்பதால் 250 கிராம் நிறுத்துச் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 250 மி.லி. தேன் ஏறத்தாழ 355 கிராம் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று எண்ணி நானும் ஒருமுறை கேக் மாவில் 250 கிராம் தேனை ஊற்றினேன். நூறு கிராமுக்கு மேல் குறைந்ததில் கேக் இனிப்பும் ஈரமும் குன்றி வறண்டுவிட்டது.

ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் என்ற கணக்கு தண்ணீருக்கு உரியது. சர்க்கரை கரையும்போது தன் எடை முழுவதையும் பாகுக்குக் கொடுக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இடத்தை அடைப்பதில்லை: 100 கிராம் சர்க்கரை கரைந்தபின் சுமார் 62 மி.லி. இடத்தையே பிடிக்கிறது. ஆகவே சர்க்கரை கூடக்கூட ஒவ்வொரு மில்லிலிட்டரின் எடையும் கூடுகிறது. தேனுக்கு அது ஏறத்தாழ 1.42 கிராம், சோளப் பாகுக்கு 1.38, மேப்பிள் பாகுக்கு 1.33. மில்லிலிட்டரை இந்த எண்ணால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். கிராமை வகுத்தால் மில்லிலிட்டர்.

வீட்டில் காய்ச்சும் சர்க்கரைப் பாகுக்கு இப்படி ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. 100 கிராம் சர்க்கரையை 100 கிராம் தண்ணீரில் கரைத்தால் வரும் 200 கிராம் பாகு சுமார் 163 மி.லி. இருக்கும், அதாவது மில்லிலிட்டருக்கு 1.23 கிராம். அதையே 150 கிராமாக வற்றும்வரை காய்ச்சினால், போனது தண்ணீர் மட்டுமே என்பதால், பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாகி, எண் 1.33-க்கு உயர்ந்து, அளவு ஏறத்தாழ 113 மி.லி.யாகச் சுருங்கிவிடும். எனவே காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு, காய்ச்சியபின் பாத்திரத்தோடு நிறுத்துக் கழித்துப் பார்ப்பதே பாகின் செறிவை அறிய நான் நம்பும் வழி. சூடான பாகு சற்று விரிந்திருக்கும், அதில் குமிழிகளும் இருக்கும். அந்த நிலையில் அளவுக் கோப்பை காட்டுவது சரியாக இராது, எடையோ சூட்டினால் மாறாது.

எந்தப் பாகு என்று தெரியாவிட்டால் நீங்களே கண்டறியலாம். ஒரு சிறு கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிண்ணத்தை நன்றாகத் துடைத்து, ஆறிய பாகை அதே விளிம்புவரை ஊற்றி நிறுங்கள். பாகின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் கிடைப்பதே உங்களுக்கு வேண்டிய எண்.

செய்முறை கோப்பைக் கணக்கில் இருந்தால் அது எந்தக் கோப்பை என்பதையும் பாருங்கள். அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மி.லி., மெட்ரிக் கோப்பை 250 மி.லி.; தேனில் இந்த வேறுபாடே 18 கிராமுக்கு மேல் வருகிறது. அவுன்ஸ் என்றிருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் எடை அவுன்ஸ் 28.35 கிராம், அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.6 மி.லி.; தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பிழை தெரியாது, ஆனால் ஒரு திரவ அவுன்ஸ் தேன் 42 கிராம் எடை இருக்கும்.