முதலில் அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: நானும் என் அக்காவும் பல வருடங்களாகச் சேர்ந்து கச்சேரி செய்கிறோம். பாட்டு அவள். கீபோர்டு, ரெக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் நான். ஸ்டுடியோ வேலைக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரே மென்பொருளாக வாங்க நினைக்கிறேன். ஏபிள்டன் லைவ், லாஜிக் ப்ரோ, எஃப்எல் ஸ்டுடியோ, க்யூபேஸ் என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. என்னிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். போன கச்சேரியில் அது பாதிப் பாட்டில் திணறி, சத்தம் வெடித்து வெடித்து வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து அக்காவால் ஒத்திகைக்கு ஒழுங்காக வர முடிவதில்லை. எல்லாப் பாட்டிலும் அவள் குரல் ட்ராக் என்னிடம் இருப்பதால் மேடையில் அதையே ஓட்டிக்கொள்ளலாம், அதில் பிரச்சினை இல்லை. எனக்கு எது சரிவரும்?

பதில்: மென்பொருளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அக்காவைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். ஆனால் என் கண் நின்றது அங்கேதான்.

பிரச்சினை இல்லை என்கிறீர்களே, யாருக்கு? அக்காவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவளும் சம்மதித்துவிட்டாள் என்று எழுதியிருப்பீர்கள். கேட்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. பல வருடம் பக்கத்தில் நின்று பாடியவள் இனி வரமாட்டாள் என்று நீங்களாகவே முடிவு கட்டி, அவள் இடத்தில் ஒரு ட்ராக்கை வைத்துவிட்டீர்கள். எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்களில் பலர், கூட வாசிக்கிற ஆளோடு பேச வேண்டியதைப் பேசாமல் தள்ளிப்போட்டவர்களாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் மாதக்கணக்கான குழப்பத்துக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குழந்தை பிறந்ததால் அவளுக்கு நேரம்தான் குறைந்தது. குரல் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வைத்த நேரத்துக்கு, நீங்கள் வைத்த இடத்துக்கு அவளால் வர முடியவில்லை. சரி, ஒத்திகையை அவள் வீட்டுக்கு மாற்றிப் பார்த்தீர்களா? ஒரு சின்ன கீபோர்டும் இரண்டு ஹெட்ஃபோனும் போதுமே! குழந்தையை ஒரு மணி நேரம் நீங்கள் தூக்கி வைத்திருந்தால் அவள் நான்கு பாட்டாவது பாடிப் பார்த்திருப்பாள். தாய்மாமன் நீங்கள். அதுகூடச் செய்யாமல், வர முடிவதில்லை என்று அவள்மீது எழுதுவது நியாயமே இல்லை. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது ஒருவருக்குச் சுமை கூடினால், மற்றவர் கேட்காமலே தோள் கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் என்னால் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

உங்கள் மென்பொருள் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மேடையில் அக்கா நின்று பாடப் போகிறாளா, அவள் பதிவு ஓடப் போகிறதா? பதிவு ஓடினால் போதும் என்றால் நீங்கள் எதையுமே வாங்க வேண்டாம். குரலையும் பின்னணியையும் ஒரே ஸ்டீரியோ வேவ் ஃபைலாக பவுன்ஸ் செய்து, அதாவது முடிந்த ஒலியாகச் சேமித்து, சாதாரண ப்ளேயரில் ஓட்டிவிட்டு மேலே கீபோர்டு வாசிக்கலாம்.

ஏபிள்டன் லைவ் 2001-இல் வந்ததிலிருந்தே அதன் தனிப் பலம் செஷன் வியூ. பல்லவி, சரணம், இடையிசை என்று பாட்டைத் துண்டு துண்டாக க்ளிப்களில் வைத்துக்கொள்ளலாம். எது எப்போது தொடங்க வேண்டும் என்பதை மேடையில் அந்த நேரத்தில் முடிவு செய்யலாம். அக்காவுக்குப் பல்லவியை இன்னொரு தடவை பாடத் தோன்றினால் பின்னணி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவள் சரணத்துக்குத் தயாரானதும் நீங்கள் அடுத்த சீனை, அதாவது சேர்ந்து தொடங்கும் க்ளிப் வரிசையைத் தட்டினால், அடுத்த பார் (தாளச் சுற்று) தொடங்கும் இடத்தில் தாளம் பிசகாமல் மாறும். 2021-இல் வந்த 11ஆம் பதிப்பில் டெம்போ ஃபாலோவரும் சேர்ந்தது. ட்ரம்ஸ் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டினால் மென்பொருளும் அதைக் கேட்டுத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மனிதர்கள் ஒரே பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடமாட்டார்கள், அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பதிவான குரல் எந்தக் கச்சேரியிலும் பல்லவிக்குத் திரும்பப் போவதில்லை. அப்படியிருக்க, இந்த வசதியை யாருக்காக வாங்குவீர்கள்?

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லாஜிக்கை மறந்துவிடுங்கள். 2002-இல் அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதோடு அதன் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. மேடைக்கென்று ஆப்பிள் தரும் மெயின்ஸ்டேஜும் மேக்கில் மட்டும்தான். எஃப்எல் ஸ்டுடியோ பீட் அமைக்க அருமையானது, ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் பதிப்புகளும் இலவசம். மேடையில் க்ளிப்களை ஓட்டும் பெர்ஃபார்மன்ஸ் மோடும் அதில் உண்டு, ஆனால் ஒரு பாடகியின் பின்னால் ஓட்ட லைவ் அளவுக்குச் சுலபமாக இருக்காது. க்யூபேஸ் குரல் பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் வலுவானது. ஸ்டுடியோவை விட்டு வெளியே போகாதவர் என்றால் அதையே சொல்லியிருப்பேன். அக்கா மேடையில் நின்று பாடுவதானால் உங்களுக்கு ஏபிள்டன் லைவ்தான். ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகக் காட்டும் அதன் அரேஞ்ச்மென்ட் வியூவிலேயே முடியும். பல ஆடியோ இன்டர்ஃபேஸ்களோடும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மிடி கீபோர்டுகளோடும் அதன் லைட் பதிப்பு இலவசமாக வரும். ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆனாலும் பழகிப் பார்க்கப் போதும். உங்களிடம் இருப்பவற்றோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப் திணறியது வேறு கதை. கணினி ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தயாரிக்கிறது, ஒரு துண்டின் அளவுதான் பஃபர். ப்ராசஸர் ஒரு பஃபர் நேரத்துக்குள் கணக்கை முடிக்காவிட்டால்தான் சத்தம் அப்படி வெடிக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் அதற்குக் கிடைப்பது 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. 256 வைத்தால் ஏறக்குறைய 6. மிக்ஸிங்கில் வைக்கும் 1024 என்றால் 23, ஆனால் அதை வைத்துக்கொண்டு கீபோர்டு வாசித்தால் விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி தெரியும். ஸ்டுடியோ ப்ராஜெக்டை அப்படியே மேடைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேடைக்குத் தனி ப்ராஜெக்ட் போடுங்கள். நீங்கள் கையால் வாசிப்பவை தவிர மற்ற எல்லா ட்ராக்கையும் ஆடியோவாக பவுன்ஸ் செய்து, மேடையில் அவற்றில் பிளக்-இன் (ஒலியை உருவாக்கும், மாற்றும் துணை மென்பொருள்) எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்கள் தரும் ஆசியோ டிரைவரை (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட்டு, பஃபரை 256-இல் வையுங்கள். வைஃபையை அணைத்து, பவர் செட்டிங்கை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். முழுக் கச்சேரியையும் வீட்டில் ஒருமுறை நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

ஸ்டுடியோ வேலைக்கு அக்கா வீட்டைவிட்டு வரவே வேண்டாம். அங்கே மேக் இருந்தால் காரேஜ்பேண்ட் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசம். அது 44.1 கிலோஹெர்ட்ஸில்தான் பதிவு செய்யும், ஆகவே உங்கள் ப்ராஜெக்டும் அதிலேயே இருக்கட்டும். விண்டோஸ் என்றால் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம், பழைய கணினியிலும் இலேசாக ஓடும். ப்ராஜெக்ட் ஃபைலை இங்கேயும் அங்கேயும் அனுப்பிப் போராடாதீர்கள். பின்னணியை ஒரே வேவ் ஃபைலாக அனுப்பி, டெம்போவையும் எழுதிவிடுங்கள். அவள் தன் குரலை 24 பிட்டில், பாட்டின் தொடக்கத்திலிருந்து முழு நீளத்துக்கு எக்ஸ்போர்ட் செய்து அனுப்பட்டும். இடையில் பாடாத இடங்களையும் வெட்ட வேண்டாம். அப்போதுதான் நீங்கள் எதில் கொண்டுபோய் வைத்தாலும் இடம் மாறாமல் உட்காரும். குழந்தை தூங்கும் அரை மணி நேரத்தில் ஒரு சரணத்தை முடித்துவிடலாம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் அக்காவைப் போய்ப் பாருங்கள். போனில் பேசாதீர்கள். எந்த நாள், எந்த நேரம் முடியும், எத்தனை பாட்டு பாட முடியும் என்று அவளைச் சொல்லவிட்டு, அதற்கேற்ப கச்சேரிகளைக் குறையுங்கள். சில பாட்டுக்குப் பதிவையே ஓட்டு என்று அவளே சொன்னால் ஓட்டுங்கள். ஆனால் அந்தக் கச்சேரியில் வரும் பணத்தில், அவள் மேடையில் நின்றால் என்ன பங்கு கொடுப்பீர்களோ அதே பங்கு போக வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பாடல்களைக் கச்சேரி வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவளுக்குத் தெரியாமல் ஒரு வரிகூட ஓடக் கூடாது. அவள் பதில் தெரியும்வரை லைவ்வின் ட்ரயல் பதிப்பை வைத்துச் சமாளியுங்கள்.