பவளத்தின் மேல் விழும் வெளிச்சம்: ரீஃப் டேங்க் எல்இடி கேள்வி பதில்

கேள்வி: 120 செ.மீ நீளம், 60 அகலம், 50 உயரத்தில் ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். லிட்டருக்கு ஒரு வாட் என்று சொல்கிறார்கள். அப்படியானால் 360 வாட் எல்இடி வாங்க வேண்டுமா?

பதில்: அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். பவளத்தின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது சொல்லாது. அதே 100 வாட் விளக்கில் லென்ஸை மாற்றினாலோ, 10 செ.மீ உயர்த்தினாலோ, நீலத்தைக் கூட்டினாலோ தொட்டிக்குள் விழும் ஒளி வேறாகிவிடும்.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே பாசிக்குத்தான் வெளிச்சம் வேண்டும். அது பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை. ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பதைத்தான் ‘பார்’ என்கிறோம். காளான் பவளம், சோவாந்தஸ், தோல் பவளம் போன்றவற்றுக்கு 50–100 பார் போதும். டார்ச், ஹாமர் போன்ற எல்பிஎஸ் (பெரிய பாலிப் கொண்ட கல் பவளம்) வகைகளுக்கு 75–150. மாண்டிபோரா, அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சின்ன பாலிப் கொண்ட கல் பவளம்) வகைகளுக்கு 200–350. முதலில் எந்தப் பவளம் எந்த இடத்தில் என்று முடிவு செய்யுங்கள், பிறகு விளக்கைத் தேடுங்கள்.

சதுர வடிவ எல்இடி ஒன்று நன்றாக மூடக்கூடிய பரப்பு ஏறக்குறைய 60 × 60 செ.மீ. உங்கள் தொட்டிக்குக் குறைந்தது 2 விளக்கு வேண்டும். முழுக்க எஸ்பிஎஸ் வளர்ப்பதாக இருந்தால் 3. நூறு சதவீதத்தில் ஓட்டினால்தான் தேவையான பார் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் விளக்கை வாங்காதீர்கள். 50–60 சதவீதத்திலேயே போதுமான ஒளி தருகிற விளக்கு சூடு குறைவாக ஓடும், நீண்ட நாள் உழைக்கும், பின்னால் கூட்டவும் இடம் இருக்கும்.

கேள்வி: பார் மீட்டர் என்னிடம் இல்லை. போனில் லக்ஸ் ஆப் வைத்து அளந்தால் போதாதா?

பதில்: நீல வெளிச்சத்தில் லக்ஸ் உங்களை ஏமாற்றும். லக்ஸ் அளவுகோல் மனிதக் கண்ணை ஒட்டி உருவாக்கப்பட்டது. கண்ணுக்குப் பச்சை பளிச்சென்று தெரியும், நீலம் மங்கலாகத் தெரியும். வெயிலில் 1 மைக்ரோமோல் ஒளி ஏறக்குறைய 54 லக்ஸ் காட்டும். 450 நானோமீட்டர் ராயல் ப்ளூவில் அதே 1 மைக்ரோமோல் 7 லக்ஸ்தான் காட்டும். அதாவது வெயிலுக்கான கணக்கை வைத்துப் பார்த்தால், 280 பார் விழும் இடத்தை 36 என்று நினைத்துக்கொண்டு விளக்கை இன்னும் கூட்டுவீர்கள். புது எல்இடி மாட்டிய தொட்டிகளில் பவளம் கருகுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

லக்ஸ் ஆப்பை ஒரே ஒரு வேலைக்கு நம்பலாம். விளக்கின் அமைப்பை மாற்றாமல், போனை ஒரே இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை அளந்தால் விளக்கு மங்கி வருகிறதா என்று தெரியும்.

பார் மீட்டர் விலை அதிகம்தான், ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் தேவைப்படும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நீலத்தைச் சரியாகப் படிக்கும் சென்சார்தானா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வகை சென்சார்கள் நீலத்தையும் வயலட்டையும் குறைத்துக் காட்டும். அபோஜி எம்க்யூ-510 தண்ணீருக்குள் அளப்பதற்கென்றே திருத்தம் செய்து வருவது. காற்றில் அளப்பதற்கான சென்சாரைத் தண்ணீருக்குள் விட்டால் அது குறைத்துக் காட்டும். அதன் கையேட்டில் உள்ள திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும்.

அளக்கும்போது விளக்கு நாளின் உச்ச அளவில் இருக்கட்டும். அலை மோட்டாரைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண் குதித்துக்கொண்டே இருக்கும். சென்சாரின் முகத்தை நேராக மேல் நோக்கிப் பிடித்து, பாறையின் உச்சி, நடு, மணல் மட்டம் என மூன்று ஆழத்திலும், ஒவ்வொன்றிலும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் தொட்டியின் வரைபடம். எந்தப் பவளம் வாங்கினாலும் அதைப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: என் விளக்கில் ஆறு சேனல் (தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் நிறங்கள்) இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் எவ்வளவு வைப்பது? 14,000 கெல்வின் நல்லதா, 20,000 நல்லதா?

பதில்: அவ்வளவு நீலமான ஒளியில் கெல்வின் எண் வெறும் தோற்றத்தைச் சொல்வதுதான், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடும், ஆழத்துக்குப் போவது நீலம்தான். பாசியின் குளோரோஃபில்லும் பெரிடினின் நிறமியும் நீலப் பகுதியை நன்றாக உறிஞ்சும். அதனால் 440–470 நானோமீட்டர் ராயல் ப்ளூ, ப்ளூ இரண்டும்தான் முதுகெலும்பு. அவற்றுக்குப் பக்கத்தில் 400–430 வயலட்டை வையுங்கள். தொடக்கத்துக்கு ஒரு கலவை: ராயல் ப்ளூவும் ப்ளூவும் 60 சதவீதம், வயலட் 50, வெள்ளை 15–20, சிவப்பும் பச்சையும் 0–5. சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்கு நிறம் இயல்பாகத் தெரியத்தான்.

பவளம் நீல வெளிச்சத்தில் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் ஒளிர்வது ஃப்ளோரசன்ஸ். அதன் புரதங்கள் நீலத்தை வாங்கி நீண்ட அலைநீளத்தில் வெளிவிடுகின்றன. ஜெல்லி மீனில் முதலில் கண்டறியப்பட்ட பச்சைப் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் தரப்பட்டதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. அழகுதான். ஆனால் அந்த ஒளிர்வுக்காக நாள் முழுக்க வெறும் நீலத்திலேயே ஓட்டினால் திசு உரிவதும், பாசி படிவதும், வெளுப்பு தொடங்குவதும் கண்ணில் படாது. தினமும் கால் மணி நேரமாவது வெள்ளையைக் கூட்டி ஒவ்வொரு பவளத்தையும் உற்றுப் பாருங்கள்.

கேள்வி: டி5 குழல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். ஒரே வாரத்தில் அக்ரோபோரா வெளுக்க ஆரம்பித்துவிட்டது. உடனே கீழே இறக்கி வைக்கட்டுமா?

பதில்: கை வைக்காதீர்கள். எங்கே வெளுக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மேல் பக்கம் வெளுத்து, நிழலில் இருக்கும் அடிப்பக்கம் நிறம் மாறாமல் இருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. பாசி கையாளக்கூடியதைவிட அதிக ஒளி வரும்போது அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பு சேதமாகி, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. கிளைகளின் நுனி மட்டும் கருகினால் ஆல்கலினிட்டியை (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு, அலகு டிகேஹெச்) பாருங்கள்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க, ஆல்கலினிட்டி 10–11 டிகேஹெச் ஓடினால் நுனி கருகும். அடியிலிருந்து மேல் நோக்கித் திசு உரிந்து எலும்பு தெரிந்தால், பெரும்பாலும் ஆல்கலினிட்டி ஏறி இறங்கியதோ, பூச்சியோ, வேறு ஏதோ. அதற்கு விளக்கைக் குறைத்துப் பயனில்லை.

உங்களுடையது முதல் வகையென்றால், இன்றே எல்லா சேனலையும் ஒரே விகிதத்தில் இப்போதைய அளவின் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கலவையை மாற்றாதீர்கள், பவளத்தையும் நகர்த்தாதீர்கள். இடம் மாறினால் நீரோட்டமும் மாறிவிடும், எதனால் சரியானது, எதனால் மோசமானது என்று தெரியாமல் போகும். இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். அதன்பின் வாரத்துக்கு 5 சதவீதம் மட்டும் கூட்டுங்கள். நைட்ரேட் 5–10 பிபிஎம், பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம் இருக்கட்டும். பட்டினியில் பாசி திரும்ப வராது. திசு உயிரோடு இருந்தால் நிறம் திரும்ப ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம்.

திரையில் 50 என்று இருப்பதால் பார் பாதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா விளக்கிலும் டிம்மர் நேர்விகிதத்தில் இறங்குவதில்லை. மீட்டர் கையில் கிடைத்தால் 25, 50, 75 சதவீதங்களில் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள்.

கேள்வி: சோவாந்தஸின் காம்பு நீண்டு மேலே எட்டிப் பார்க்கிறது. வெளிச்சம் போதவில்லையா?

பதில்: ஆமாம். 10 செ.மீ மேலே ஏற்றி மூன்று வாரம் பொறுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்?

பதில்: காலை 10 மணிக்கு நீலம் மட்டும் தொடங்கி 11 மணிக்குள் முழு அளவுக்கு வரட்டும். மாலை 7 வரை அதே அளவு. பிறகு 2 மணி நேரத்தில் மெல்ல இறங்கி 9 மணிக்கு அணையட்டும். உச்ச நேரம் 8 மணி, மொத்தம் 11 மணி.

பவளத்துக்கு நாள் முழுக்கக் கிடைக்கும் மொத்த ஒளிதான் கணக்கு. 250 பார் 8 மணி நேரம் விழுந்தால் சதுர மீட்டருக்கு 7.2 மோல். 167 பாரை 12 மணி நேரம் கொடுத்தாலும் அதே 7.2 மோல். ஒரு அளவுக்கு மேல் ஒளியைக் கூட்டினாலும் ஒளிச்சேர்க்கை அதிகரிக்காது, சேதம்தான் அதிகரிக்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் நேரத்தை நீட்டுங்கள், உச்சத்தைக் குறையுங்கள். இரவு இருட்டாக இருக்க வேண்டும். விடிய விடிய நீல ‘நிலா விளக்கு’ எரிவது தேவையில்லை. பிடிக்குமென்றால் ஒரு மணி நேரம், 1 சதவீதம்.

கேள்வி: விளக்கைத் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? எஸ்பிஎஸ் கூட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் வளர்கிறது, மறுபக்கம் செத்துப்போகிறது.

பதில்: இரண்டுக்கும் ஒரே வேர். எல்இடி சின்னப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம். கிளை ஒன்று குறுக்கே வந்தால் பின்னால் கத்தியால் வெட்டியது போல நிழல் விழும். 15 செ.மீ உயரத்தில் வைத்தால் நடுவில் 400 பார், ஓரத்தில் 80 என்று பிளவுபடும். 20–30 செ.மீ உயரத்துக்கு ஏற்றினால் நடு குறையும், ஓரம் உயரும், சில சமயம் தரைக்கு வரும் ஒளி வெகுவாகக் குறையாது. குறுகிய லென்ஸ் ஆழமான தொட்டிக்கு. அகன்ற லென்ஸ் ஆழம் குறைந்த தொட்டிக்கு. உயரத்தை மாற்றும் வாரத்தில் சதவீதத்தைத் தொடாதீர்கள்.

நிழலுக்குச் சரியான மருந்து ஒளி பல திசையிலிருந்து வருவது. ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சின்ன விளக்கு நல்லது. அதோடு முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தொட்டியின் முழு நீளத்துக்கு ஒரு எல்இடி பட்டையோ டி5 குழலோ சேர்த்தால் கிளைகளின் அடிவாரம் வரை வெளிச்சம் போகும். மணலில் நிறங்கள் தனித்தனியாக ஓடும் தொந்தரவும் தணியும்.

கேள்வி: எல்இடி மாட்டிய பிறகு பாறை முழுக்கப் பச்சைப் பாசி. நேரத்தை 4 மணியாகக் குறைக்கலாமா?

பதில்: பாசி கொஞ்சம் குறையும், பவளம் பட்டினி கிடக்கும். வெளிச்சம் பாசியைத் தூண்டும், ஆனால் சாப்பாடு கொடுப்பது தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். தீனியை அளந்து போடுங்கள், ஸ்கிம்மரை (அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) சுத்தம் செய்யுங்கள், நத்தைகளைச் சேருங்கள். வெள்ளையை 5–10 சதவீதத்துக்கு இறக்கலாம். நீலத்தை அப்படியே விடுங்கள்.

கேள்வி: பராமரிப்பு என்ன செய்ய வேண்டும்? எல்இடி மங்காது என்கிறார்களே?

பதில்: மங்கும், ஆனால் மெதுவாக. அதைவிட வேகமாக மங்கவைப்பது லென்ஸில் படியும் உப்பு. மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் உள்ள தூசியை ஊதி எடுங்கள். ஃபேன் நின்றால் எல்இடி சூடேறி ஆயுள் குறையும். மின் கம்பி பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் ரீஃப் டேங்க் ஓட்டவே கூடாது.

பலரும் கவனிக்காத ஒன்று: மாதக்கணக்கில் உப்பு மூடியிருந்த லென்ஸைத் துடைத்தால் பார் திடீரென்று ஏறும். மஞ்சளித்த தண்ணீரில் முதல்முறை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டாலும் அப்படித்தான். ஒரே நாளில் தண்ணீர் தெளிந்து நீல ஒளி ஆழம் வரை போய்விடும். இந்த இரண்டையும் செய்யும் முன் விளக்கை 10–15 சதவீதம் குறைத்துவிட்டு, பிறகு வாரம் 5 சதவீதமாகத் திரும்ப ஏற்றுங்கள்.

கேள்வி: விளக்கைக் கூட்டியதிலிருந்து ஆல்கலினிட்டி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது பிரச்சினையா?

பதில்: நல்ல அறிகுறிதான். ஒளிச்சேர்க்கை கூடினால் பவளம் வேகமாக எலும்பு கட்டும், கார்பனேட்டும் கால்சியமும் அதிகம் செலவாகும். விளக்கைக் கூட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஆல்கலினிட்டியை அளந்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதற்குத் தக்கபடி டோசிங்கை (தினமும் சேர்க்கும் கார்பனேட், கால்சியம் கரைசல்) கூட்டுங்கள். 8–9 டிகேஹெச் இடையில் நில்லுங்கள். ஒரு நாளில் 0.5க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: சன் கோரலை எத்தனை பாரில் வைக்க வேண்டும்?

பதில்: அதற்குள் பாசி இல்லை, வெளிச்சமே வேண்டாம். பாறையின் அடியில் நிழலில், நல்ல நீரோட்டத்தில் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் வாரத்தில் மூன்று முறையாவது மைசிஸ் இறால் ஊட்டுங்கள்.