துளையில்லாச் சவ்வு

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் சவ்வுகள் பற்றிய உங்கள் கட்டுரையை என் பிளஸ் டூ மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். “ஆக்சிஜன் மட்டும் நுழைகிற அளவுக்குச் சல்லடைபோலத் துளை போட்டால் போதுமே சார், 2021இல் ஆஸ்பத்திரிகளில் ஏன் அத்தனை திண்டாட்டம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வேதியியல் ஆசிரியனாக இருந்தும் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. விளக்க முடியுமா?

எம்.,
ஈரோடு

அன்புள்ள எம்.,

அந்த மாணவியின் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த மே மாதத்தை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் துளையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தச் சவ்வுகளில் துளையே கிடையாது. இருந்தால் அது பழுது. மூலக்கூறுகளைவிடச் சற்றே பெரிய நுண்துளை வழியே காற்றைச் செலுத்தினால், எடை குறைந்த நைட்ரஜன்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்; நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு. ஆக்சிஜன் மூலக்கூறின் விட்டம் 0.346 நானோமீட்டர், நைட்ரஜனுடையது 0.364. இந்த நூலிழை வித்தியாசத்துக்குத் துளை போட எந்த ஊசியும் உதவாது.

பிரிப்பது பாலிமர் சங்கிலிகளின், அதாவது பிளாஸ்டிக்கை ஆக்கும் நீண்ட மூலக்கூறுகளின், அசைவு. வாயு முதலில் பாலிமருக்குள் கரைகிறது. உள்ளே சங்கிலிகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வில் பக்கத்தில் ஓர் இடைவெளி திறக்கும்போது மூலக்கூறு அதற்குள் தாவுகிறது. பின்னால் வழி மூடிக்கொள்கிறது. திறக்கும் இடைவெளி எவ்வளவு பெரியது, எத்தனை முறை திறக்கிறது என்பதைச் சங்கிலியின் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

சிலிக்கோன் ரப்பரின் சங்கிலி தாராளமாக நெளியும். எல்லா வாயுக்களும் வேகமாகப் போகும். ஆக்சிஜனின் வேகம் நைட்ரஜனைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்கின் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் முதுகெலும்பிலேயே இருக்கின்றன. விறைப்பு அதிகம், இடைவெளிகள் சிறியவை. ஆக்சிஜன் இப்போது ஐந்தரை மடங்கு முந்துகிறது. ஆனால் சிலிக்கோனில் போன வேகத்தில் சில நூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. ஆக்சிஜன் நைட்ரஜனை எத்தனை மடங்கு முந்துகிறது என்பதே தேர்வுத்திறன். வேகம் கூடினால் தேர்வுத்திறன் குறையும், தேர்வுத்திறன் கூடினால் வேகம் குறையும். 1991இல் பாலிமர் ஆய்வாளர் லாயிட் ரோப்சன் அதுவரை அளந்த பாலிமர்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் புள்ளியிட்டு, அவை தாண்டாத ஒரு கோட்டைக் காட்டினார். புதிய பாலிமர்கள் வந்த பிறகு 2008இல் அந்தக் கோட்டைச் சற்று மேலே நகர்த்தினார்.

உங்கள் வகுப்பில் காட்ட ஏற்ற ஓர் உதாரணம் உண்டு. சி.டி. செய்யும் பாலிகார்பனேட்டின் அமைப்பைக் கரும்பலகையில் வரையுங்கள். அதன் பிஸ்ஃபினால் ஏ பகுதியில் இரண்டு பென்சீன் வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆக்சிஜனுக்கு இருபக்கமும் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மெத்தில் தொகுதியை வையுங்கள். மொத்தம் நான்கு மாற்றங்கள், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஊடுருவல் மூன்று மடங்குக்கும் மேல் உயர்கிறது, தேர்வுத்திறனோ குறையவே இல்லை. மெத்தில் குறுக்கே நிற்பதால் சங்கிலிகளால் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியவில்லை, வளையங்களால் முன்போல எளிதாகத் திரும்பவும் முடியவில்லை. இடமும் கிடைக்கிறது, விறைப்பும் கூடுகிறது. இந்தத் துறையின் கலையே இதுதான் என்பேன்.

துளை எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். பாலிசல்ஃபோன் மெதுவானது என்பதால், பிரிக்கும் படலத்தை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கு மெலிதாக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெல்லிய படலத்தில் எங்காவது ஊசிமுனை ஓட்டைகள் விழுந்துவிடும். மிகச் சிலவே போதும், பிரிப்பு கெட்டுவிடும். மொன்சாண்டோ என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் ஜே ஹெனிஸும் மேரி டிரிபோடியும் அதன்மேல் சிலிக்கோன் ரப்பரைப் பூசி ஓட்டைகளை அடைத்தார்கள். இப்படிப் பூசிய, நடுவே குழாய்போல வெற்றான மெல்லிய இழைகள்தான் (குழாயிழைகள்) அமோனியா ஆலைகளில் வீணாகிக்கொண்டிருந்த ஹைட்ரஜனை மீட்டுக் கொடுத்தன.

இனி மருத்துவமனை. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மறுபக்கம் முழு வெற்றிடமே இருந்தாலும், ஒருமுறை சிலிக்கோனைக் கடந்த காற்றில் அதிகபட்சம் சுமார் 36 சதவீதம்தான் ஆக்சிஜன் இருக்கும். பாலிசல்ஃபோனைக் கடந்ததில் சுமார் 60. மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 21-ஐ 79-ஆல் வகுத்து, தேர்வுத்திறனால் பெருக்கினால், வெளிவரும் காற்றில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். 2021இல் நாடெங்கும் மருத்துவமனைகளில் நிறுவிய பி.எஸ்.ஏ. (அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் காற்றைப் பிரிக்கும்) நிலையங்கள், நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தைக் கொண்டு 93 சதவீத அளவுக்கு ஆக்சிஜன் தருபவை. சவ்வை அடுக்கடுக்காக வைத்து அங்கே போகலாம். ஒவ்வோர் அடுக்குக்கும் கம்ப்ரஸரை ஓட்டும் மின்செலவு கட்டுப்படியாகாது.

சவ்வைக் கடக்காமல் பின்தங்கும் காற்றின் கதை வேறு. ஆக்சிஜன் கசிந்து வெளியேறிக்கொண்டே இருப்பதால், அந்தப் பக்கம் நைட்ரஜன் 95 சதவீதத்துக்கு மேலும் எளிதாகச் சேரும். 1996 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 என்ற பயணிகள் விமானத்தின் எரிபொருள் தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். தொட்டியில் தீப்பற்றும் அபாயத்தைக் குறைக்க வேண்டும் என்று 2008இல் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. இன்று பல பயணிகள் விமானங்களில், பாலிமர் குழாயிழைகள் நிரப்பிய ஓர் உருளை பறக்கும்போதே காற்றைப் பிரித்து, ஆக்சிஜனை வெளியே விட்டு, நைட்ரஜன் மிகுந்த காற்றைத் தொட்டிக்குள் செலுத்துகிறது.